பத்திரமாக வைத்திருந்த பன்னிரண்டு பெட்டரிகள்

களஞ்சிய வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

பழுதாகிப்போன மின்சாரக் கருவிகளை முறையாக அப்புறப்படுத்துவது எப்படி என்று உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். அந்த வேலையை எத்தனை விதமாகப் பிழையாகச் செய்யலாமோ அத்தனை விதமாகவும் செய்துவிட்டுத்தான் நான் ஓய்வு பெற்றேன். அதற்காக ஒரு தடவை கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கைதட்டல் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். திட்டு வாங்கிய கதைகள் நிறைய உண்டு. அவற்றால் யாருக்கும் பெரிய ஆபத்து வந்ததில்லை.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். உரமூட்டை, செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை என்று எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிய காலம் போய், கடைசி ஏழெட்டு வருஷத்தில் மெஷின்கள் வந்து சேர்ந்தன. பெட்டரியில் ஓடும் கொழுந்து வெட்டும் மெஷின், கவ்வாத்து மெஷின், தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் வேலிச் செடியைக் கத்தரிக்க ஒன்று, புல் வெட்ட ஒன்று. வந்த அன்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தோம். துரை ஒரு மெஷினைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார். துரை பிடித்தால் அதுதான் நேர்.

மூன்று வருஷத்தில் அவை ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின. மழையில் நனைந்தது ஒன்று, கல்லில் வெட்டியது ஒன்று, பெட்டரி ஏறாமல் போனது மிச்சம். வரும்போது தேங்காய் உடைத்த கூட்டத்தில் ஒருவரும் இப்போது எட்டிப் பார்க்கவில்லை. கழித்த சாமான் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கட்டி என் பின்னறைக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

பின்னறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் களஞ்சியத்திலும் ஒன்று இருக்கும். உடைந்த தராசு, துருப்பிடித்த தகரம், காலில்லாத நாற்காலி. எதையும் வீச மாட்டோம், யாருக்கும் கொடுக்கவும் மாட்டோம். வைக்கோல் போரைக் காத்த நாய் என்பார்களே, அந்த நாய்க்கு எங்கள் தொழிலில் உத்தியோகப் பெயர் ஸ்டோர் கீப்பர். நாளைக்குக் கணக்குச் சரிபார்க்க ஒரு ஓடிட்டர் வந்து, “அந்தக் காலில்லாத நாற்காலி எங்கே?” என்று கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா?

இதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. கொழும்புத் தலைமையகத்திலிருந்து நாலு பக்கச் சுற்றறிக்கை வந்திருந்தது. பெட்டரியைக் கருவியிலிருந்து கழற்றுங்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள், உப்பியதைச் சார்ஜில் போடாதீர்கள், கட்டடத்துக்கு வெளியே இரும்பு வாளியில் மணல் போட்டு அதற்குள் வையுங்கள், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரின் வண்டி ஹட்டனுக்கு வரும் நாளில் கொண்டுபோய் ஒப்படையுங்கள். அவ்வளவுதான். நல்ல அறிக்கை. படித்தேன், ஃபைலில் போட்டேன். ஃபைலில் போட்டால் காரியம் முடிந்தது என்பது அப்போது என் நம்பிக்கை.

ஒரு திங்கட்கிழமை துரை வந்து பின்னறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்டோர் கீப்பர், வெள்ளிக்கெழம கொழும்புல இருந்து ஆள் வாறாங்க. இந்த ரூம் கிளீனா இருக்கணும்.”

“எங்கங்க சார் போடுறது?”

“அது எனக்குத் தெரியாது. கிளீனா இருக்கணும்.”

ஹட்டனிலிருந்து பழைய இரும்பு எடுக்கும் முதலாளியை வரவழைத்தேன். நல்ல மனிதர், சிங்களவர். மோட்டாரை எடுத்தார், வெட்டும் தகட்டை எடுத்தார், வயரை எடுத்தார், காலில்லாத நாற்காலியைக்கூட எடுத்தார். பெட்டரிகள் இருந்த மூலையைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். “பெட்டரி எப்பா மாத்தயா. கினி கன்னவா” என்றார். வேண்டாம், தீப்பிடிக்கும் என்கிறார். தன் லொறியில் ஒரு தடவை பற்றிக்கொண்டதாகவும் கையை விரித்துக் காட்டிச் சொன்னார். பழைய இரும்புக்காரர் எனக்குப் பாடம் நடத்துகிறாரா என்று நினைத்தேன். என்னிடம்தான் சுற்றறிக்கை இருக்கிறதே.

மூலையில் கிடந்தவை பதின்மூன்று.

அது மின்வெட்டுக் காலம். பகலில் சில மணி நேரம், சாயங்காலத்தில் சில மணி நேரம் என்று கரண்ட் போய்க்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மெழுகுதிரிக்கும் தட்டுப்பாடு. தேயிலை அரைக்கும் பெக்டரியில் வேலை செய்த கனகு என்ற பையன், கெட்டிக்காரன், என்னிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

“ஐயா, மெஷின ஓட்டத்தான் இதுக்குத் தெம்பு இல்ல. ஒரு சின்ன பல்ப எரியவைக்க இது தாராளமாப் போதுங்க. லயத்துக்குக் குடுத்தா புண்ணியமாப் போகும்.”

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பின்னறை காலியாகும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வெளிச்சம் வரும், ஓடிட்டரிடம் ‘தொழிலாளர் நலனுக்காக மறுபயன்பாடு’ என்று காட்டலாம். கனகு பன்னிரண்டு பெட்டரிகளில் வயர் இழுத்து பல்ப் மாட்டிக் கொடுத்தான். சார்ஜர்களையும் கொடுத்து, கரண்ட் இருக்கும்போது முறை வைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒன்றை மட்டும் என் மேசைக்கென்று வைத்துக்கொண்டேன். தர்மம் தலைகாக்கும், மிச்சம் மேசையைக் காக்கட்டும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. சும்மா தூக்கிக் கொடுத்திருந்தால்கூட ஒரு மாதிரி. ஸ்டோர் கீப்பர் சும்மா கொடுப்பானா? ஒரு பதிவேட்டில் வரி வரியாக எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். ‘இது தோட்டத்துச் சொத்து. கேட்கும்போது காட்ட வேண்டும். தொலைந்தாலும் பழுதானாலும் பெற்றுக்கொண்டவரே பொறுப்பு.’ செத்துப்போன பெட்டரி பழுதானால் யார் பொறுப்பு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொழும்பு ஆட்கள் காலியான அறையைப் பார்த்து அசந்துபோனார்கள். அடுத்த மாதம் ஹட்டனில் நடந்த கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, பழையதை வீணாக்காமல் ஏழை மக்களுக்கு ஒளி கொடுத்தவர் என்றார்கள். படபடவென்று கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் தலை குனிந்து, அடக்கமானவன் மாதிரி நின்றேன்.

பிறகு ஆடி மழை பிடித்தது. ஒரு பகல், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேசைக்குப் பக்கத்தில் என் பதின்மூன்றாவது பெட்டரி சார்ஜில் இருந்தது. கொஞ்ச நாளாகவே அது வயிறு உப்பினாற்போல்தான் இருந்தது. மழையில் எல்லாமே உப்புகிறது, கதவும் உப்புகிறது என்று விட்டுவிட்டேன். அன்று அதிலிருந்து சீறல் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளைப் புகை, நெஞ்சைப் பிடிக்கிற ஒரு நாற்றம், அப்புறம் குபீரென்று நெருப்பு. ஆத்தாடி! என் மேசையிலிருந்து இரண்டு கெஜத்தில் உரமூட்டை. வாசலில் இருந்த மணல் வாளியைக் கொட்டினேன். அடங்கினாற்போல் இருந்து மறுபடி சீறியது. இன்னொரு வாளி. அந்தச் சனியன் அணைந்து முடிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அது அணைந்த பிறகுதான் மற்ற பன்னிரண்டும் நினைவுக்கு வந்தன. லயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கூரை, அதற்குக் கீழே குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அடுப்புக்குப் பக்கத்தில் விறகு, கயிற்றுக் கொடியில் துணி, நடுவில் பிள்ளைகள். ஒரு காம்பராவில் பற்றினால் ஒரு லயமே போகும். பன்னிரண்டு வீட்டிலும் நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு நெருப்பை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போதே ஓடிப்போய்ச் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கைதட்டல் வேறு காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். எனக்கு வெந்துவிடும்போல் இருந்தது. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலை விட்டு ஆட்கள் வரும் நேரமாகப் பார்த்து லயத்துக்குப் போனேன். தீ என்ற சொல்லை எடுக்காமல், “ஓடிட்காரங்க பாக்கணுமாம், பெட்டரியக் குடுங்க, சீல் வச்சுத் திருப்பித் தர்றேன்” என்றேன்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் சனத்துக்குத் தோட்டத்து ஸ்டோரைப் பற்றித் தெரியாதா? உள்ளே போன சாமான் திரும்பி வந்ததாகச் சரித்திரம் உண்டா? இருட்டுவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர முடியவில்லை, போன இடத்திலும் மூன்று பேர்தான் கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லோரும், “நல்லாப் பத்திரமா இருக்குங்க ஐயா, நீங்க கவலப்படாதீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

“எங்க வச்சிருக்கீங்க?”

“ட்ரங்குப் பெட்டியிலங்க. துணிக்கு நடுவுல சுத்தி வச்சிருக்கேன்” என்றாள் ஒருத்தி.

“சாமி படத்துக்குப் பின்னால. வெளக்குப் பக்கத்துல” என்றார் இன்னொருவர்.

மாரிமுத்து என்ற பெரியவர் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, புகை படிந்த பரணில், அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் பெட்டரி. மலையில் ஈரம் படக்கூடாத எதையும் அங்கேதானே வைப்பார்கள்.

“மழக் காலம் பாருங்க. ஈரம் பட்டா கெட்டுப்போகும்னு சூட்டுலயே வச்சிருக்கேன். கேட்டா காட்டணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

பொறுப்பாக இருங்கள் என்று எழுதி வாங்கினேன். அடேங்கப்பா, எவ்வளவு பொறுப்பாக இருந்தார்கள்! நானே ஏறி அதை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய் வைத்தேன். கை நடுங்கியது. மாரிமுத்து, “ஐயாவுக்குக் குளிரு” என்று தன் மனைவியிடம் தேத்தண்ணீர் போடச் சொன்னார்.

அந்த நடுக்கம்தான் என்னை வழிக்குக் கொண்டுவந்தது. மறுநாள் விடிந்ததும் துரையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் முகம் பேயறைந்தாற்போல் ஆனது.

“நம்ம பெஸ்ட் வெல்ஃபெயர் வேலைன்னு நான் கொழும்புக்கு எழுதிட்டேனே. இப்ப அது எரியுதுன்னு எப்படி எழுதுறது?”

“எழுத வேண்டாங்க சார். மொதல்ல பெரட்டுல சொல்லிடுவோம்.”

“கொழும்புல கேட்டுட்டுச் சொல்லலாமே?”

“அதுக்குள்ள ஒரு லயம் போயிட்டா யார்கிட்டங்க சார் கேக்குறது?” என்றேன். முப்பது வருஷத்தில் துரையிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சரி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னது எனக்குத் தெரியாது.”

இதைவிடத் தாராளமான அனுமதியை ஒரு துரையிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் ஏறி நின்றேன். “நான் குடுத்த பெட்டரி தீப்பிடிக்கும். நேத்து ஸ்டோர்லயே பிடிச்சுச்சு. தப்பு என்னோடது. இன்னைக்கே கொண்டாந்து பந்தடிக்கிற மைதானத்துல வச்சிடுங்க. வீட்டுக்குள்ள ஒரு நிமிஷமும் வேண்டாம்” என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “அப்ப எதுக்குங்கய்யா எங்ககிட்ட கையெழுத்து வாங்குனீங்க?” என்றாள்.

“புத்தி இல்லாமத்தான்” என்றேன். சிரித்தார்கள். நன்றாகத்தான் சிரித்தார்கள். மானம் போயிற்று, ஆனால் சாமான் வந்தது. முந்தின நாள் பொய் சொன்னபோது மூன்று வந்தது. உண்மை சொன்ன அரை மணி நேரத்தில் மைதானம் பரபரத்தது. ஒரு கிழவி ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். “ஐயோ, எறக்கு ஆத்தா!” என்று கத்தினேன். “பத்திரமாத்தானேடா கொண்டாறேன்” என்று திட்டிவிட்டு இறக்கினாள். மணல் நிரப்பிய தகரப் பீப்பாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் புதைத்து, பதிவேட்டில் அடித்துக்கொண்டே வந்தேன். முந்தின நாள் வந்த மூன்றையும் மாரிமுத்து வீட்டுப் பெட்டரியையும் சேர்த்துப் பதினொன்று.

பன்னிரண்டாவது வரியில் புஷ்பம் என்று இருந்தது. புஷ்பம் பிள்ளை மடுவத்து ஆயம்மா. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுப் போவார்கள். ஆயம்மா பெரட்டுக்கு வருவதில்லை, மடுவத்தைத் திறக்கப் போய்விடுவார். நான் சொன்ன எதுவும் அவர் காதுக்குப் போயிருக்காது.

ஐம்பத்தொன்பது வயதில் அந்த ஏற்றத்தை எப்படி ஓடினேன் என்று தெரியாது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், மாதா கோயில் வாசலைத் தாண்டும்போது மாதாவையும் விடவில்லை. மடுவத்துக் கதவு திறந்திருந்தது. தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளை எண்ணினேன், ஒன்பது. எல்லாம் முழுசாக இருந்தன. ஒன்று என்னைப் பார்த்து அழுதது. அந்த அழுகையை நான் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

ஆனால் உள்ளே இருந்தவர் புஷ்பம் இல்லை, வேறொரு பெண்.

“புஷ்பம் எங்க?”

“நாலு நாளா வரலீங்க. கையில கொதிக்கிற கஞ்சி கொட்டிருச்சாம். கணக்கப்பிள்ள என்னப் போகச் சொன்னாரு.”

தொட்டில் கயிற்றுக்குக் கீழே சிமெந்துத் தரையில் ஓரிடம் கறுத்திருந்தது. யாரோ தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத கறுப்பு. என் மேசையடியிலும் அதே மாதிரி ஒன்று முந்தின நாளிலிருந்து இருந்தது. அங்கிருந்து வாசல் வரைக்கும் துளித் துளியாகக் கறுப்பு, வாசலுக்கு வெளியே மழைத் தண்ணீர் ஓடும் வடிகானில் முடிந்திருந்தது.

புஷ்பம் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் அவசரமாக எழுந்தார். இரண்டு கையும் விரல் தெரியாமல் துணியால் சுற்றியிருந்தது.

“ஐயா, மன்னிச்சிடுங்க. சாமான் வீணாப் போயிருச்சு.”

அவரே சொன்னார். பகல் நேரம், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மழை இருட்டு என்று பல்பைப் போட்டிருந்தார். பெட்டரி சீறியது. தொட்டிலுக்கு நேர் கீழே. சாக்குத் தேடவோ வாளி தேடவோ நேரமில்லை. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடி வடிகானில் போட்டிருக்கிறார். டிஸ்பென்சரியில் கஞ்சி என்று சொல்லியிருக்கிறார்.

“நெசத்த ஏம்மா சொல்லல? அன்னைக்கே சொல்லியிருந்தா மத்த வீட்டுலயெல்லாம் எடுத்திருப்பேனே.”

“பழுதானா நான்தான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கேங்களே. தெரிஞ்சா மடுவத்து வேலையில இருந்து எடுத்துருவாங்களோன்னு பயந்துட்டேங்க.”

முழங்கையால் ஒரு பால்மாத் தகரப் பேணியை என் பக்கமாக நகர்த்தினார். உள்ளே உருகிப்போன பிளாஸ்டிக், கருகிய தகரத் துண்டுகள், வயர். வடிகானிலிருந்து பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். கேட்டால் காட்ட வேண்டுமே.

பிள்ளைகளே, அந்த நாலு நாளும் பதினொரு வீட்டில் நெருப்பு தூங்கிக்கொண்டிருந்தது. எச்சரித்திருக்கக்கூடிய ஒரே ஆளின் வாயை என் பதிவேடு கட்டிப்போட்டிருந்தது. பெட்டரியை மணலில் புதைக்க உங்களுக்குச் சுற்றறிக்கை சொல்லித்தரும். பழுதாகிவிட்டது என்று ஒரு மனிதர் உங்களிடம் பயமில்லாமல் வந்து சொல்ல வேண்டும் என்பதை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுதேன், வெட்கமில்லை. புஷ்பம் அதைப் பார்க்கவில்லை. என் கக்கத்தில் இருந்த பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொஸ்தகம் கொண்டாந்திருக்கீங்களாய்யா? திருப்பி வாங்கிட்டேன்னு எழுதிடுங்க. எனக்குத்தான் பேனா பிடிக்க முடியல.”

பன்னிரண்டாவது வரியை அடித்து, பொறுப்பு என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அவர் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி, என் பெயரை வாசித்தார்.

“அப்ப எனக்கு வேல இருக்குங்களாய்யா?”